நாற்பத்து மூன்று பிள்ளைகளின் அப்பா

தமாக்கோன்,
ஜூன் 11

தங்கை கின் லேக்கு,

உடம்பு சுகமாகவும் மனசு லேசாகவும் இருக்கிறாயா? என் உடம்புக்கு நான் பொறுப்பு, மனசைப் பற்றிக் கேட்காதே. எல்லைக்கு அந்தப் பக்கம் மே ஸோட்டில் மழை ஆரம்பித்துவிட்டதா, உன் முழங்கால் வலி எப்படி, சோறு நம் ஊர்ச் சோறு மாதிரி இருக்கிறதா, மூன்றுக்கும் பதில் எழுது.

நீ அனுப்பிய பாடப் பெட்டியும் பதினொரு டேப்லெட்டும் புண்ணாக்கு மூட்டைகளுக்கு அடியில் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. கடிதமும் மெமரி கார்டும் வழக்கம்போல டோ பூவின் மீன் விழுது டப்பாவுக்குள். அந்த அம்மாள் சோதனைச்சாவடியில் டப்பா மூடியைத் தானே திறந்து நீட்டுவாளாம். அந்த ஙாப்பி விழுதுக்குள் கையை விட்டுத் துழாவ எந்தச் சிப்பாய்க்கும் மனசு வராதாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைத்தேன். தொட்டுக்கொள்ள வேறெதுவும் தேவைப்படவில்லை.

வகுப்பு இப்போது ஊர்க்கோடி மாட்டுக்கொட்டகையில். மேலே புளியமரங்கள் மூடியிருப்பதால் ஆகாயத்திலிருந்து தெரியாது. போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியின் தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. விமானம் வந்து இரண்டு குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. ஏழு பிள்ளைகள். பொறுக்கிச் சேர்க்கவே ஒரு பகல் ஆயிற்று. ஒரு சின்னக் காலை இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளையுடையது என்றார்கள். எங்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, இரண்டு பிள்ளைகளையும் ஒரே சிதையில் வைத்தோம்.

அதனால் உன் பெட்டியை நான் கும்பிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பாடம் என்றால் எல்லோரும் சேர்ந்து கூரை பிய்கிற மாதிரி கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் விமானம் வருவது கேட்காது. இப்போது டேப்லெட்டுக்கு நாலு பேர், ஆளுக்கொரு இயர்போன், கொட்டகையில் மாடு அசைபோடும் சத்தம் மட்டும்தான். வரிசைக்கு ஒரு பிள்ளை இயர்போன் இல்லாமல் ஆகாயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். காது காவல் என்று பெயர் வைத்திருக்கிறேன். முறை மாற்றி மாற்றி வரும்.

நான் இருபத்தேழு வருஷம் பூகோளம் நடத்தியவன். கணக்கும் அறிவியலும் இப்போது பெட்டி நடத்துகிறது. பிள்ளைகள் பேசி வைக்கும் பதில்களைக் கார்டில் ஏற்றி நான் அனுப்ப, வேலைநிறுத்தம் செய்து வேலையிழந்து அங்கே கிடக்கும் நீயும் மற்ற ஆசிரியர்களும் கேட்டுத் திருத்தித் தங்கள் குரலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தடுக்கி விழுகிறது என்று பெட்டியே எனக்குச் சொல்லிவிடுகிறது. எனக்கு மிச்சமிருக்கும் வேலை பாட்டரி மாற்றுவதும் மாட்டை விரட்டுவதும்தான்.

ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பதியும்போதும் பெட்டி ‘குடும்பப் பெயர்’ கேட்கிறது. கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது. இந்த நாட்டில் எவனுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? பிறந்த கிழமை பார்த்து ஒரு பெயர், அதோடு முடிந்தது. செய்து பார்த்தவர்களைக் கேட்டேன், அப்பா பெயரைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் என் பெயரையே போட்டுவிட்டேன். கல்யாணமே ஆகாத ஐம்பத்து மூன்று வயதுக்காரன் ஒரே பிற்பகலில் இத்தனை பெற்றது இந்த மாவட்டத்தில் நான்தான்.

உன் அண்ணன்,
தூன் யீ

•

மே ஸோட்,
ஜூலை 2

அண்ணாவுக்கு,

நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. சோறு ஒட்டும் சோறு. பழகிக்கொண்டேன்.

உங்கள் பட்டியலைப் பார்த்து இங்கே எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெட்டியைக் கொடுத்த குளிர் தேசத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. ஒரே தகப்பனுக்கு ஒரே வயதில் பதினான்கு பிள்ளைகள் இருப்பது எப்படி, இது பொய்ப் பள்ளியா என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பெட்டி போயிருக்கும் மற்ற பதினாறு ஊர்களிலிருந்தும் உண்மையான அப்பா பெயர்களை எழுதி அனுப்பியாகிவிட்டது. அடுத்த கார்டில் சரியான பட்டியலை அனுப்பிவிடுங்கள். விளையாட்டு போதும்.

மே ஸூன் என்ற பிள்ளையைக் கவனியுங்கள். பின்னக் கணக்கில் மற்றவர்களைவிட இரண்டு பாடம் முன்னே போய்விட்டாள். பதில் பேசும்போது நடுவில் நிறுத்தி, எனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். போன பாடத்தில் என் குரல் கட்டியிருந்ததாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன காது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
கின் லே

•

தமாக்கோன்,
ஜூலை 21

தங்கைக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. ஊர்த் தலைவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு அவர் மகள் வயது. மகளோடு சேர்ந்து அவரைத் திட்டுகிறாள். கோயில் மடத்துப் பெரிய குரு யாரோடும் பேசாமல் மௌனத்தில் இருக்கிறார். காரணம் தியானம் இல்லை, பல்செட் காணாமற்போய்விட்டது.

பட்டியல் விஷயம். வடக்கே மூன்று மைலில் இருக்கும் ஊரில் அரிசி நிவாரணத்துக்காக யாரோ நல்ல எண்ணத்தில் வீட்டுத் தலைவர்கள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். ராணுவம் உள்ளே வந்த அன்று எவரையும் விசாரிக்கவில்லை. சுவரிலிருந்து தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். வந்தவர்களின் கையைப் பின்னால் கட்டி வரப்பில் குப்புறப் படுக்கவைத்தார்கள். பதினெட்டு பேர். தோட்டாவை மிச்சம் பிடிக்கக் கத்தியால் முடித்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். நெற்பயிர் இரண்டு சாண் உயரம், தண்ணீர் நின்ற வயல், அது என்ன நிறமாக இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

என் பிள்ளைகளின் அப்பன்மாரில் இருபத்தாறு பேர் துப்பாக்கியோடு காட்டில் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். இதை ஒரு பெட்டியில் பெயர் பெயராக எழுதிப் பூட்டி வைக்கச் சொல்கிறாய்.

மே ஸூனின் அப்பா தெட் வேய் இப்போது இல்லை. ஆற்றைக் கடக்கும்போது தெப்பத்தின் மேல் குண்டு விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டோம். அந்தப் பிள்ளை தட்டு கழுவிவிட்டுக் கொட்டகைக்கு வந்து பின்னம் போட்டாள்.

அண்ணன்,
தூன் யீ

•

மே ஸோட்,
ஆகஸ்டு 9

அண்ணாவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிடுங்கள். மே ஸூனுக்கும் அவள் அம்மாவுக்கும் என் துக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை நான் அப்படியே மேலே அனுப்பினேன். பெயர்கள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கும், யாராலும் திறக்க முடியாது என்று பதில் வந்தது. பூட்டு உண்டு, நானே பார்த்தேன். ஆனால் படிவம் நிரம்பாவிட்டால் செப்டம்பர் முடிவில் உங்கள் பெட்டி தானாகப் பாடத்தை நிறுத்திக்கொள்ளும். நான் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. நாற்பத்து மூன்று பேருக்குக் கணக்கும் அறிவியலும் யார் நடத்துவது? நீங்களா? எனக்கு எட்டாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது, அந்த வருஷம் நான் கணக்கில் தவறினேன்.

கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த கார்டில் உண்மையான பெயர்கள் வரட்டும்.

கின் லே

•

மே ஸோட்,
செப்டம்பர் 13

அண்ணா,

நலமா என்று எழுதவே கை வரவில்லை.

பேருந்துக்காரர் வந்து சொன்னார். டோ பூவின் டப்பாவைச் சாவடியில் ஒரு சிப்பாய் பிடுங்கிக்கொண்டானாம். கடலோரத்துப் பையன். ஐந்து மாதமாகப் பருப்பும் சோறும் தின்று செத்துக்கொண்டிருந்தவன். ஙாப்பி வாசனை வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். ‘எங்க ஊரு வாசனைங்க அம்மா, முழுசா குடுத்துடுங்க’ என்றானாம். டோ பூ என்ன செய்வாள், கொடுத்துவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். அத்தனை நாளும் நாற்றத்தை நம்பினோம். அது வேறொருவனுக்கு அம்மா கைச் சாப்பாடு என்று நம்மில் எவருக்கும் தோன்றவில்லையே. இரண்டாம் நாள் கார்டு அவன் பல்லில் கடிபட்டிருக்கிறது.

ராணுவத்திடம் அதைப் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டு பெட்டிக்குத்தான், கார்டுக்கு இல்லை என்று பெட்டி கொடுத்தவர்கள் இப்போது சொல்கிறார்கள்.

ஒன்றே ஒன்று எழுதுங்கள். நான் கேட்டபடி அப்பன்மார் பெயர் எழுதி அனுப்பினீர்களா, இல்லை பழைய பட்டியலா?

கின் லே

•

தமாக்கோன்,
அக்டோபர் 19

தங்கைக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வலது கை விடுப்பில் போயிருக்கிறது, இடது கை தற்காலிக நியமனம். கடிதத்தில் தும்மல் வந்தாலும் மன்னித்துக்கொள். டோ பூ மிளகாய் வற்றலுக்கு மாறிவிட்டாள்.

பழைய பட்டியல்தான். நீ கெஞ்சிக் கேட்டும் அதையேதான் அனுப்பினேன். இனி நீ தூங்கலாம்.

பதினொரு பேர் வந்தார்கள். கேப்டன் ஒருவர், கண்ணாடி போட்டவர், படித்தவர். ஊரைக் கிணற்றடியில் உட்காரவைத்து, நாற்பத்து மூன்று பிள்ளை பெற்ற தூன் யீ யார் என்று கேட்டார். கூட்டத்தில் செருப்புத் தைக்கும் கோ பேய் சிரித்துவிட்டான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். முன்பல் நாலும் கிணற்றடிச் சேற்றில் கிடந்தன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். நிற்காவிட்டால் வேறு யாரையாவது எழுப்புவார்கள்.

பழைய பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். என் வகுப்பறை, என் தேசப்படத்துக்குக் கீழேயே தூணில் கட்டினார்கள். கேப்டன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“ஏன்யா, நாப்பத்து மூணுக்கும் நீ ஒருத்தனா அப்பன்?”

“ஆமாங்க.”

“பொண்டாட்டி எத்தனை?”

“கல்யாணம் ஆகலைங்க. அதான் நேரம் கிடைச்சுது.”

காவலுக்கு நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாக்கியத்துக்காக வலது கையில் மூன்று விரலைச் சுத்தியலால் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உடைத்தார்கள். சொல்லிவிட்டேனே என்று இன்றும் வருத்தமில்லை. சபையில் எடுபட்ட வாக்கியம்.

இரண்டே கேள்விகள். பெட்டி எங்கே. அப்பன்மார் யார். முகத்தின் மேல் தண்ணீர்த் துணி, மின்கம்பி, மூங்கிலை முழங்காலுக்குப் பின்னால் வைத்து மேலே இரண்டு பேர் ஏறி நிற்பது, இதெல்லாம் நடந்தது. உனக்கு முழங்கால் வலி என்றால் இனி நான் அனுதாபத்தோடு கேட்பேன்.

எட்டாம் நாள் விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எள்ளுக்காட்டுக் குடிசைக்குப் போய், நான் இல்லாத ஏழு நாளும் தாங்களே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஒரு பாடம்கூட விட்டுப்போகவில்லை. என் மதிப்பு எனக்கு விளங்கியது. முதல் தேதியன்று நீ சொன்னபடியே பெட்டி பாடத்தை நிறுத்திக்கொண்டது. கரும்பலகைக்குத் திரும்பிவிட்டேன். இடது கையில் நான் வரையும் தேசப்படத்தில் கடல் மலைமேல் ஏறுகிறது.

மே ஸூனின் அம்மா மா சான் யீ இறந்துவிட்டாள். பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள்.

தூன் யீ

•

மே ஸோட்,
நவம்பர் 4

அண்ணாவுக்கு,

எலும்பு முறிவுக்குப் பூசும் எண்ணெயும் வலி மாத்திரையும் வருகின்றன. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். உங்கள் கடிதத்தை நான் நின்றுகொண்டே படித்தேன், அப்புறம் உட்கார இடம் தேடினேன்.

பட்டியல் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் கேட்டது தவறு.

உங்கள் ஊரிலிருந்து தப்பி வந்த குடும்பம் ஒன்று இங்கே முகாமில் இருக்கிறது. இருநூறு வீடுகளில் ஒரே ஒரு வீட்டைத்தான் கொளுத்தினார்கள், அது தெட் வேயின் வீடு, மா சான் யீயை வாசலிலேயே சுட்டார்கள் என்று சொன்னார்கள். நீங்கள் ‘இறந்துவிட்டாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

செத்துப்போனவனின் வீட்டுக்கு அவர்கள் எதற்காகப் போனார்கள் அண்ணா?

கின் லே

•

தமாக்கோன்,
நவம்பர் 23

தங்கைக்கு,

எண்ணெய் கிடைத்தது. நாற்றம் ஙாப்பியைத் தோற்கடிக்கிறது. உடம்பு தேறி வருகிறது. நீயும் தேறி இரு.

எள் அறுவடை சுமார்தான். ஊர்த் தலைவரின் புதுப் பெண்டாட்டி அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், கூடவே தலைவரின் மகளும் போய்விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அங்கே தேநீர்க் கடை போட்டிருக்கிறார்களாம். தலைவர் தனியாக உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார், அதிலும் தோற்கிறார். பெரிய குருவின் பல்செட் கிடைத்துவிட்டது, பூனை படுக்கும் இடத்தில். கோ பேய்க்கு அதைக் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை நடந்தது, அளவு சரிவரவில்லை.

செவ்வாய்க்கிழமை விமானம் வந்தது. எங்களுக்கு இல்லை, அடுத்த ஊருக்கு. சந்தை நேரம். காய்கறித் தராசு எங்கள் வயலில் வந்து விழுந்தது. தட்டில் ஒரு கை இருந்தது. கத்தரிக்காயை இன்னும் விடவில்லை.

மே ஸூன் நன்றாகச் சமைக்கிறாள். பேச்சுத்தான் குறைவு.

வேறு விசேஷம் இல்லை.

தூன் யீ

•

மே ஸோட்,
டிசம்பர் 7

அண்ணா,

சுகம் கேட்கிறேன், அதற்காவது உண்மையான பதில் எழுதுங்கள்.

ஊர்க்கதை மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரு வரி. நான் உங்கள் தங்கை. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளை உடைத்துவிட்டு நீங்கள் எத்தனை கதை சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். கதை நீளமானால் உடைந்திருப்பது பெரிது.

இன்னொரு செய்தி. டோ பூவின் டப்பா விஷயத்தை எழுதி, குடும்பப் பெயர் கேட்பதை நிறுத்தாவிட்டால் இங்கிருக்கும் ஆசிரியர்கள் அனைவரும் இனிமேல் பாடம் பேசித்தர மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். இப்போது அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். புதிய கார்டைப் பெட்டியில் போட்டால் பாடங்கள் மறுபடி திறக்கும். எல்லோரையும் புதிதாகப் பதியுங்கள். பெயர் மட்டும் போதும்.

கின் லே

•

தமாக்கோன்,
டிசம்பர் 28

தங்கைக்கு,

நீ கேட்ட ஒரு வரி இதோ. நான்தான் சொன்னேன்.

ஆறாம் நாள். வலது கை முடிந்து இடது கையைப் பலகைமேல் வைத்தார்கள். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் கொடு, போய்விடலாம் என்றார் கேப்டன். இத்தனைக்கும் அந்த நேரத்தில் என் மூளை நன்றாக வேலை செய்தது, அதுதான் வெட்கக்கேடு. அழவில்லை, மயங்கவில்லை. கடையில் பேரம் பேசுகிறவன் மாதிரி யோசித்தேன். யாருக்கும் நஷ்டம் வராத பெயர் ஒன்று கொடுத்தால் என்ன? செத்தவனை என்ன செய்ய முடியும்? தெட் வேய் என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்து, வீடு எங்கே என்று கேட்டார். பூகோள வாத்தியார் அல்லவா, வழி சரியாகச் சொன்னேன். கிணற்றுக்கு மேற்கே நாலாவது.

செத்தவனுக்கு வீடு இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மா சான் யீ அவர்களிடம், அவர் செத்து ரெண்டு மாசமாச்சு என்றாளாம். அன்னமிட்ட பிக்குகளைக் கேளுங்கள் என்றாளாம். செத்தவன் வீட்டில் எதற்கு இரண்டு தட்டு என்று கேட்டார்களாம். மகளுக்கு என்றாள். மகள் எங்கே என்றார்கள். அதற்குத்தான் அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எள்ளுக்காட்டுக் குடிசைக்கு வந்திருப்பார்கள், நாற்பத்து மூன்று பேரும் பெட்டியும் அங்கேதான். நான் சொன்னேன், அவள் சொல்லவில்லை. வயிற்றில் இரண்டு, விழுந்த பிறகு முகத்தில் ஒன்று. பிறகு கூரையில் தீ.

அந்த நேரத்தில் மே ஸூன் இயர்போன் மாட்டிக்கொண்டு நீ பேசிய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் வரிசையில் காது காவல் வேறு பிள்ளைக்கு. துப்பாக்கிச் சத்தம் அந்தப் பிள்ளைக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

ஊரில் யாருக்கும் தெரியாது. அடி தாங்கினவன் என்று எனக்குத் தட்டில் முதல் சோறு போடுகிறார்கள். அந்தப் பிள்ளை எனக்கு மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறாள், விரல் சரியில்லையே என்று.

தூன் யீ

•

மே ஸோட்,
ஜனவரி 16

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு என்ன மரியாதைச் சொல் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் அண்ணா என்று மட்டும் எழுதுகிறேன், அது மாறவில்லை.

கேப்டன் கேட்டதைத்தான் நானும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கடிதத்தில். அதில் ஒன்றை வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று முடித்து. மற்ற பதினாறு ஊர்ப் பட்டியலையும் நானே உட்கார்ந்து அழித்தேன். மூன்று நாள் ஆயிற்று. அழித்தது எல்லா இடத்திலும் அழிந்ததா என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பதினொரு வயது. இப்போது அவளுக்கு உங்களைத் தவிர ஆளில்லை. அந்த ஒன்றையும் பிடுங்க வேண்டாம். உங்கள் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவள் தலையில் இறக்கி வைக்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கின் லே

•

தமாக்கோன்,
பிப்ரவரி 10

தங்கைக்கு,

சுகமாக இரு. முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு, என் வலி அதற்குக் கேட்கிறது.

உன் சொல்லை மீறிவிட்டேன். நானாகச் சொல்லவில்லை, அவள் கேட்டாள். மீன் முள் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

“சயா, எங்க அப்பா பேரை அவங்ககிட்ட யார் சொன்னது?”

சயா என்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வி. வழக்கமான கதை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, யாரோ ஒட்டுக்கேட்டான், யாரோ காட்டிக்கொடுத்தான் என்று. எத்தனை சுலபமாக வந்தது தெரியுமா. அதைக் கண்டுதான் பயந்தேன்.

“நான்தான்மா.”

“அடிச்சதாலயா?”

“அடிச்சதால. அப்பா இல்லையே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“அம்மா இருந்தாங்களே.”

முள்ளை எடுத்து முடித்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள். எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு கோ பேயின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியிலேயே ஊருக்குச் சொல்லிவிட்டாள் போல. மறுநாள் யாரும் எனக்கு முதல் சோறு போடவில்லை. கோ பேய் வந்து என் முன்னால் நின்றான். பல்லில்லாத வாயால் ஏதோ சொல்ல வந்தான், பிறகு கையை ஓங்கிக் கன்னத்தில் ஒன்று வைத்தான். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது. சிரிக்கலாம் என்று தோன்றியது, சிரிக்கவில்லை. வகுப்பை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லை.

நேற்று புதிய கார்டைப் போட்டுப் பிள்ளைகளைப் பதிந்தோம். இந்தத் தடவை அவர்களே தட்டட்டும் என்று விட்டேன். பெயரைப் போடுங்கள், அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு மேலே போங்கள் என்று சொல்லிவைத்தேன். நாற்பத்திரண்டு பேர் அப்படியே செய்தார்கள். மே ஸூன் கடைசி வரிசையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தால் கட்டத்தில் தெட் வேய் என்று தட்டி வைத்திருக்கிறாள்.

இது சாவடி வழியாகப் போகிற கார்டு, அழித்துவிடு என்றேன். அவள் திரும்பவில்லை. டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வீடும் இல்ல, அம்மாவும் இல்ல. இனி அந்தப் பேர்ல எரிக்க என்ன இருக்கு? நான் எழுதிக்கிறேன்.”

நீ இருக்கிறாயே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நின்றேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். அழிக்கும் பொத்தான் இடது கைக்கும் எட்டும். இந்தப் பெயரை ஒரு தடவை அவள் சம்மதமில்லாமல் நான் சொன்னேன். இன்னொரு தடவை அவள் சம்மதமில்லாமல் அழிப்பதா? கீழே வைத்துவிட்டேன்.

கார்டு இந்தத் தடவை சாவடி வழியாக வரவில்லை. ஆற்றைச் சுற்றி, காட்டுப் பாதையில், நாலு நாள் நடை. நானே கொண்டுபோய் அக்கரையில் கொடுக்கிறேன். முழங்கால் எவ்வளவு தூரம் ஒத்துழைக்கும் என்று பார்க்கலாம். நான் வராத நாட்களில் அவர்கள் வகுப்பு நடத்திக்கொள்வார்கள், அது நிரூபணமான விஷயம்.

மே ஸூன் உனக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் அல்ல, என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வரிசைப் பிள்ளையிடம் சொல்லி, அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லிற்று. கணக்கைத் திருத்தி நீ பேசி அனுப்பும்போது, மே ஸூன் என்று மட்டும் கூப்பிட்டால் கேட்க மாட்டாளாம். கட்டத்தில் இருக்கிறபடி முழுசாகக் கூப்பிட வேண்டுமாம்.

கூப்பிடு. அவள் இயர்போன் போட்டிருப்பாள், எனக்குக் கேட்காது.

உன் அண்ணன்,
தூன் யீ